ஜொக்சரும் குளோவும்: ஜாக் மக்கவுரனின் நடிப்புக் கலை

நாடக வரலாறு எழுதப்படும்பொழுது நாடகாசிரியனுக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கிறது. நெறியாளனுக்குச் சில பக்கங்கள் கிடைக்கின்றன. தலைமைப் பாத்திரம் ஏற்ற நடிகனுக்கு ஒரு படமும் சில வரிகளும் கிடைக்கின்றன. அவர்களுக்கு அருகே நின்று, கதவைத் திறந்து, செய்தி கொணர்ந்து, அடிவாங்கி, சிரிப்பை எழுப்பி, அரங்கின் பாரத்தைத் தாங்கிய துணைப்பாத்திர நடிகனுக்கு அடிக்குறிப்புக் கிடைப்பதே அரிது. ‘குணசித்திர நடிகர்’ என்ற பட்டத்தைச் சூட்டிவிட்டு விமர்சகர்கள் அப்பாற் சென்றுவிடுகின்றனர். கலையும் உழைப்பின் பேறே என்று கருதும் நாம் இவ்வழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. வயலின் வரலாற்றை நிலவுடைமையாளனின் பெயரால் மட்டும் எழுதுவது எத்துணைப் பிழையோ, அரங்கின் வரலாற்றை ஆசிரியன் பெயரால் மட்டும் எழுதுவதும் அத்துணைப் பிழையாகும்.

எனினும், புறக்கணிக்கப்பட்ட ஒருவருக்கு நீதி வழங்கவேண்டும் என்பதற்காக மட்டும் நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. ஜாக் மக்கவுரன் என்ற ஐரிஷ் நடிகரின் வாழ்க்கை, முற்போக்கு விமர்சனம் நெடுங்காலம் தீர்ந்துவிட்டதாகக் கருதியிருந்த ஒரு வினாவை மீண்டும் எழுப்புகிறது. 1918ஆம் ஆண்டு டப்ளின் நகரிற் பிறந்த மக்கவுரன் 1973ஆம் ஆண்டு, தமது 54ஆவது வயதில், நியூயோர்க்கில் மறைந்தார். மேடை, வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகிய நான்கிலும் நடித்த அவர் பெரும்பாலும் சிறு பாத்திரங்களையே ஏற்றார். ஆயினும் இரு நாடகாசிரியர்களின் ஆக்கங்களில் அவருக்கு ஈடாகச் சொல்லத்தக்கோர் வெகுசிலரே. அவ்விருவருள் ஒருவர் ஷான் ஓ’கேசி. மற்றவர் சாமுவேல் பெக்கற்.

இவ்விரு பெயர்களையும் நாம் எவ்வாறு நோக்கிப் பழகினோம் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். ஓ’கேசி நம்மவர். டப்ளின் வறியோர் மத்தியில் வளர்ந்து, கூலியாளாக உழைத்து, தொழிற்சங்கத் தலைவர் லார்கினின் இயக்கத்தில் பங்குகொண்டு, 1914இல் ஐரிஷ் குடிமக்கள் படையின் செயலாளராகப் பணிபுரிந்து, இறுதிவரை தம்மைப் பொதுவுடைமைவாதி என்று வெளிப்படையாகக் கூறியவர். பெக்கற்றோ மறுபுறம் நிறுத்தப்பட்டார். ஹங்கேரிய மார்க்சிய அறிஞர் லூக்காக்ஸ் நவீனத்துவத்தின் சித்தாந்தத்தைக் கண்டித்து எழுதியபொழுது, பெக்கற்றின் ‘மொலோய்’ நாவலை மனிதச் சிதைவைச் சித்திரிக்கும் இலக்கியத்தின் எல்லைக்கோடாகவே காட்டினார். நம்பிக்கை வறட்சி, தனிமனித வாதம், முதலாளித்துவத்தின் சீரழிவுக் கலை என்ற அடைமொழிகள் பெக்கற்றின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. நம்மிற் பலரும் அவற்றைச் சோதித்துப் பாராமலே திருப்பிச் சொன்னோம்.

அவ்வாறாயின், ஒரே நடிகனின் ஒரே உடல் இவ்விருவர் உலகுக்கும் எவ்வாறு பொருந்திற்று? ஒருவருடைய பாத்திரத்திற் பயின்ற நடையும் குரலும் மற்றவருடைய பாத்திரத்துக்கு எவ்வாறு பயன்பட்டன? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

1

மக்கவுரன் பிறந்த காலத்து அயர்லாந்து, பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுபடும் போராட்டத்தின் நடுவே நின்றது. 1922இல் சுதந்திர அரசு தோன்றிற்று. ஆனால் விடுதலைக்காக இரத்தம் சிந்திய ஏழைகளின் வாழ்வில் அவ்வரசு பெரும் மாற்றம் எதனையும் கொணரவில்லை. கொடி மாறிற்று, வாடகை வாங்குபவன் மாறவில்லை. அரசின் தோள்மீது கை போட்டபடி திருச்சபை ஆண்டது. 1929இல் இயற்றப்பட்ட நூல் தணிக்கைச் சட்டம் நாட்டின் சிறந்த எழுத்தாளர்கள் பலரின் நூல்களை நாட்டு மக்களுக்கே எட்டாதவையாக்கிற்று. 1934இல் வெளிவந்த பெக்கற்றின் முதற் சிறுகதைத் தொகுதியும் அச்சட்டத்துக்குத் தப்பவில்லை. ஓ’கேசிக்கு நேர்ந்தது இன்னும் கசப்பானது. 1926இல் ‘கலப்பையும் நட்சத்திரங்களும்’ அபி நாடகசாலையில் மேடையேறியபொழுது, தேசியவாதத்தை இழிவுபடுத்திற்று என்று கூறி ஒரு கூட்டம் அரங்கினுள் கலகம் விளைவித்தது. 1928இல் அவரது அடுத்த நாடகத்தை அதே அரங்கம் ஏற்க மறுத்தது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

இத்தகைய நாட்டில் நடிப்பை ஒரு தொழிலாகக் கொள்வது எளிதன்று. மக்கவுரன் காப்புறுதி நிறுவனமொன்றில் எழுதுவினைஞராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். பகலில் பேரேடு, மாலையில் ஒத்திகை என்ற இவ்வாழ்வு டப்ளின் நடிகர்களுக்குப் புதியதன்று. ஓ’கேசியின் நாடகங்களிற் புகழ்பெற்ற பரி பிற்ஸ்ஜெரல்டும் நெடுங்காலம் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவரே. 1904இல் தோன்றிய அபி நாடகசாலையின் பெருமையே இவ்வாறு உழைப்பாளிகளும் எழுதுவினைஞரும் தந்த மாலைநேரங்களின்மேல் எழுந்ததாகும். மக்கவுரன் வேலையைத் துறந்து 1940களில் அபி அரங்கின் குழுவிற் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிட்டியவை பெரும்பாலும் சிறு வேடங்கள். மெலிந்த உடல், நீண்ட மூக்கு, எலும்பு துருத்திய முகம், எதையோ எதிர்பார்த்து ஏமாந்தவைபோன்ற கண்கள். தலைமைப் பாத்திரத்துக்கென முதலாளிகள் தேடும் தோற்றம் அவருக்கு வாய்க்கவில்லை.

1951இல் அபி நாடகசாலை தீக்கிரையாயிற்று. 1954இல் மக்கவுரன் லண்டனுக்குப் பெயர்ந்தார். இதனை ஒரு கலைஞனின் தனிப்பட்ட முடிவு என்று மட்டும் கொள்ளலாகாது. 1950களில் மட்டும் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அயர்லாந்தை விட்டு வெளியேறினர். வீதி அமைக்கவும், கட்டடம் எழுப்பவும், மருத்துவமனைகளிற் பணிபுரியவும் அவர்கள் சென்ற அதே கப்பல்களில் நடிகர்களும் சென்றனர். தன் மக்களுக்கு வேலை கொடுக்க இயலாத அரசு, தன் கலைஞர்களுக்கு மேடை கொடுக்கவும் இயலாததாயிற்று. மக்கவுரனின் கலை புலம்பெயர் தொழிலாளியின் கலை என்பதை நாம் முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

2

புலம்பெயர்ந்த ஐரிஷ் நடிகனுக்காக ஆங்கிலேய மேடையும் அமெரிக்கத் திரையும் ஓர் உடையை ஏற்கனவே தைத்து வைத்திருந்தன. அது ‘மேடை ஐரிஷ்காரன்’ என்ற உடை. குடிகாரன், வாயாடி, சோம்பேறி, ஆபத்தில்லாத கோமாளி என்ற இவ்வுருவம் ஏகாதிபத்தியத்தின் கற்பனையாகும். ஒரு மக்கட் கூட்டத்தை ஆள்வதற்கு முன் அதனைச் சிரிப்புக்குரியதாக்குவது ஆட்சியாளரின் பழைய தந்திரம். அபி இயக்கத்தின் முன்னோடிகள் தம் நாடகத்தைத் தொடங்கியதே இவ்வுருவத்தை உடைத்தெறிவதற்காகத்தான்.

மக்கவுரன் இவ்வுடையை அணிய மறுத்துப் பட்டினி கிடக்கவில்லை, அணிந்தார். 1952இல் ஜோன் போர்ட் நெறியாண்ட ‘அமைதியான மனிதன்’ படத்தில் முரட்டு நிலவுடைமையாளன் ஒருவனின் பின்னே ஓடித் திரியும் அடிவருடியாக வருகிறார். அப்படத்தின் அயர்லாந்து, சுற்றுலாப் பயணிக்காகப் பச்சை வர்ணம் பூசப்பட்ட அயர்லாந்து. ஆயினும் அதில் மக்கவுரன் தோன்றும் கணங்களை மட்டும் தனியே எடுத்து நோக்குவோமாயின், வேறொன்று புலப்படும். எசமானன் என்ன சொல்லப்போகிறான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு, சொல்லி முடிப்பதற்குள் தலையசைக்கும் ஒருவன் அங்கு நிற்கிறான். படம் அவனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. நடிகரோ, பிறன் சோற்றில் வாழ்பவன் எவ்வளவு கூர்ந்து பிறன் முகத்தைப் படிக்கவேண்டியிருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறார்.

இப்பயிற்சியின் முழுமையை ஓ’கேசியின் ‘ஜூனோவும் மயிலும்’ நாடகத்து ஜொக்சர் பாத்திரத்திற் காண்கிறோம். 1924இல் எழுந்த அந்நாடகம் 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின் மத்தியில் ஒரு டப்ளின் குடியிருப்பிலே நிகழ்வது. வேலைக்கு அஞ்சிக் காலிலே நோவு என்று சொல்லித் திரியும் ‘கப்டன்’ பொயில், குடும்பத்தைச் சுமக்கும் அவன் மனைவி ஜூனோ, அவர்களின் பிள்ளைகள் என்போருக்கிடையே ஜொக்சர் வந்து போகிறான். பொயில் பெருமை பேசும்போது ஒத்துப் பாடுகிறான். ஜூனோ வரும் அரவம் கேட்டால் சாளரத்தின் வழியே வெளியேறி ஒளிகிறான். பொயிலின் வாழ்வு சரியத் தொடங்கியதும் அவனது மதுப்புட்டியையே திருடிக்கொண்டு நழுவுகிறான்.

ஜொக்சரை வெறும் நகைச்சுவைப் பாத்திரமாக நடிப்பது எளிது. வெறுக்கத்தக்க புல்லுருவியாக நடிப்பதும் எளிது. மக்கவுரனின் ஜொக்சர் இவ்விரண்டிலிருந்தும் வேறானவன் என்பதே அவருக்குக் கிடைத்த புகழின் காரணம். அவனது இளிப்பின் அடியிலே பசி இருந்தது. ஒரு கோப்பைத் தேநீருக்காக ஒருவன் எத்தனை முறை குனியவேண்டும் என்ற கணக்கு இருந்தது. மார்க்ஸ் உதிரிப் பாட்டாளிகள் என்று அழைத்த பிரிவினரை இலக்கியத்திற் கோபத்துடனோ பரிகாசத்துடனோதான் பெரும்பாலும் காண்கிறோம். ஜொக்சர் அப்பிரிவின் உயிருள்ள உறுப்பினன். அவனை மன்னிக்கும்படி ஓ’கேசி கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளும்படியே கேட்கிறார்.

1959இல் இந்நாடகம் ‘ஜூனோ’ என்ற பெயரில் இசைநாடகமாகப் பிராட்வேயில் அரங்கேறியபோது மக்கவுரனே ஜொக்சர். இசை அமைத்தவர் மார்க் பிளிற்ஸ்ரைன், அமெரிக்க இடதுசாரிக் கலையின் முக்கிய பிரதிநிதி. முந்திய ஆண்டிலேதான் அவர் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவின்முன் அழைக்கப்பட்டிருந்தார். நாடகம் 16 காட்சிகளுடன் நின்றுபோயிற்று. பிராட்வேயின் வர்த்தகம், ஒரு குடும்பத்தின் அழிவைப் பாட்டாகக் கேட்க விரும்பவில்லை.

‘ஜூனோ’வின் இறுதிக் காட்சியை இங்கு நாம் சற்று நின்று நோக்குதல் தகும். மகன் கொல்லப்பட்டுவிட்டான். மகளை அழைத்துக்கொண்டு ஜூனோ வெளியேறிவிட்டாள். கடன்காரர்கள் தளபாடங்களை எல்லாம் எடுத்துச் சென்றுவிட்டனர். வெறுமையான அறைக்குள் இரு குடிகாரர்கள், பொயிலும் ஜொக்சரும், தள்ளாடி வருகின்றனர். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. உலகம் குழம்பிக் கிடக்கிறது என்று ஒருவன் உளறுகிறான். மற்றவன் வேறெதையோ முணுமுணுக்கிறான். வெற்று மேடை, இரண்டு நாடோடிகள், பொருளிழந்த பேச்சு. இக்காட்சிக்கும் பெக்கற்றின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்துக்கும் இடையே உள்ள தூரம் ஓர் எட்டுத்தான். அந்த எட்டை மக்கவுரன் எடுத்துவைத்தார்.

3

பெக்கற்றின் உலகினுள் மக்கவுரன் நுழைந்த வாயில் கவனிக்கத்தக்கது. 1957 ஜனவரியில் பி.பி.சி. வானொலி ‘வீழ்வோர் யாவரும்’ நாடகத்தை ஒலிபரப்பியபோது அவர் ஏற்றது ரொமி என்ற இளம் புகையிரதநிலையச் சுமைகூலியின் பாத்திரம். நிலைய அதிபரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு ஓடித் திரியும் ஒரு தொழிலாளி. பெக்கற்றின் மனிதர்கள் வெளியற்ற வெளியிலே, வர்க்கமற்ற வெறுமையிலே உலவுகின்றனர் என்று கூறுவோர் இப்பாத்திரத்தை மறந்துவிடுகின்றனர்.

1958 ஒக்ரோபரில் லண்டன் றோயல் கோட் அரங்கில் ‘ஆட்ட முடிவு’ ஆங்கிலத்தில் மேடையேறிற்று. ஜோர்ஜ் டிவைன் நெறியாண்டு ஹாம் பாத்திரத்தையும் ஏற்றார். மக்கவுரன் குளோவ். 1964இல் பாரிஸிலும், பின்னர் லண்டன் ஆல்ட்விச் அரங்கிலும் பற்றிக் மகீயின் ஹாமுக்கு எதிரே அவர் மீண்டும் குளோவாக நடித்தார். அம்முறை பெக்கற்றே ஒத்திகைகளில் உடனிருந்தார். இந்நாடகத்தில் எசமானன் ஹாம் குருடன். எழுந்து நிற்க முடியாதவன். ஏவலாளன் குளோவ் உட்கார முடியாதவன். எசமானன் ஊதுகுழலை ஊதினால் இவன் ஓடி வரவேண்டும். ஏணியைத் தூக்கி ஒரு சாளரத்தருகே வைத்து ஏறி வெளியே பார்க்கவேண்டும்; இறங்கி மறு சாளரத்துக்குச் செல்லவேண்டும்; ஏணியை மறந்து திரும்பி வந்து எடுக்கவேண்டும். போகிறேன், உன்னை விட்டுப் போகிறேன் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். இறுதியில் தொப்பியும் மேலங்கியும் அணிந்து, குடையும் பையுமாக வாயிலருகே வந்து நிற்கிறான். ஆனால் போகவில்லை. திரை விழுகிறது.

இதனை மனித நிலையின் நிரந்தர அபத்தம் என்று வியாக்கியானம் செய்தோர் பலர். ஜேர்மன் அறிஞர் அடோர்னோ 1961இல் இந்நாடகத்தை விளக்க எழுதிய கட்டுரை அவ்வியாக்கியானத்தை உடைத்து, அதனுள்ளே ஒரு வரலாற்றுக் காலத்தின் அழிவைக் கண்டது. நாம் தத்துவத்துக்குள் இறங்காமல், நடிகனின் கால்களையே நோக்குவோம். விறைத்த முழங்கால்களுடன், தன் எலும்புகளே தனக்குப் பாரம் என்பதுபோல் நடக்கும் அந்நடை, ஆண்டுக்கணக்காக ஒருவனுக்காக ஓடியவனின் நடை. ஏவலுக்கும் செயலுக்கும் இடையே அவன் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு கணத் தாமதம், அடிமைக்கு எஞ்சியிருக்கும் ஒரே எதிர்ப்பு. மக்கவுரன் இதனை எங்கிருந்து கற்றார்? எசமானன் வாயைப் பார்த்து நின்ற அடிவருடிகளிலிருந்தும், சாளரத்தால் ஏறி ஒளிந்த ஜொக்சரிலிருந்தும் கற்றார். ஜொக்சர் குனிந்து வாழ்ந்தவன். குளோவ் குனிய இடமுமில்லாமல் நின்றவன்.

இவ்வாறு நோக்கும்போது அவர் ஏற்ற பிற பாத்திரங்களும் ஒரு வரிசையில் அமைகின்றன. றோயல் கோட் அரங்கில் ‘கோடோ’வின் லக்கியாக, கழுத்திற் கயிறும் கையில் எசமானனின் பைகளுமாக நின்றார். 1961இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அதே நாடகத்தின் விளாடிமிராக வந்தார். 1971இல் வெளிவந்த பீற்றர் புறூக்கின் ‘லியர் அரசன்’ படத்தில், பனிவெளியில் மன்னனோடு அலையும் விதூஷகன் அவரே. அரசனுக்கு உண்மை சொல்லும் உரிமை கோமாளிக்கு மட்டுமே உண்டு. அதுவும் சவுக்கடிக்கு அஞ்சியபடிதான் சொல்லவேண்டும். ஏவலாளர், சுமைகூலிகள், கயிற்றிற் கட்டப்பட்டோர், கோமாளிகள்: மக்கவுரனின் பாத்திரப் பட்டியல் சமுதாயத்தின் அடித்தளத்தின் பட்டியலாகவே இருக்கிறது.

4

தொலைக்காட்சியைப் பற்றி இங்கு தனியே கூறவேண்டும். துணைப்பாத்திர நடிகனுக்கு அது சோறு போட்டது. பெரும்பாலும் சோறு மட்டுமே போட்டது. 1967இல் ‘அவெஞ்சர்ஸ்’ என்ற பிரபல தொடரில் பறவைபோலப் பறக்க முனையும் பித்தேறிய பேராசிரியராக அவர் வந்தார். கிறுக்கர்களும் திருடர்களும் அவருக்கென ஒதுக்கப்பட்டனர். கமரா அவர் முகத்தைச் சில விநாடிகள் காட்டிவிட்டு அழகான முகங்களுக்குத் திரும்பிவிடும்.

இவ்விதிக்கு எதிரான ஒரு நிகழ்ச்சி 1966 ஜூலையில் பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று. பெக்கற் தொலைக்காட்சிக்கென எழுதிய முதல் நாடகமான ‘ஏய் ஜோ’, மக்கவுரனை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது. ஐம்பது கடந்த ஒருவன், பழைய உள்ளங்கியோடும் செருப்போடும் தன் அறைக்குள் தனித்திருக்கிறான். சாளரம், கதவு, அலமாரி, கட்டிலின் அடி எல்லாவற்றையும் சோதித்து, எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அமர்கிறான். அப்போது ஒரு பெண்ணின் குரல் எழுகிறது. அவன் கைவிட்ட பெண் அவள். தனக்கு நேர்ந்ததையும், அவனால் ஏமாற்றப்பட்டுக் கடற்கரையில் உயிர்நீத்த இன்னொரு இளம்பெண்ணுக்கு நேர்ந்ததையும் அவள் நிதானமாகக் கூறுகிறாள். அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. குரல் ஓயும் இடைவெளிகளில் கமரா சிறிது சிறிதாக, ஒன்பது முறை, அவன் முகத்தை நெருங்குகிறது.

பேச்சே இல்லாத தலைமைப் பாத்திரம். ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஒரு முகம் மட்டுமே. குரலைத் தந்தவர் ஷான் பிலிப்ஸ். விரைவில் மறைந்துவிடும் துணை நடிகனின் முகத்தை, பார்வையாளர் கண்ணைத் திருப்ப முடியாதவாறு வீட்டுக்கூடத்தின் நடுவே நிறுத்திய இச்செயல் தொலைக்காட்சியின் வர்த்தக இலக்கணத்தையே தலைகீழாக்கிற்று. அம்முகத்தில் என்ன நிகழ்கிறது? முதலில் எரிச்சல், பின் அலட்சியம், பின் குரலை நெரித்துவிடும் முயற்சி, இறுதியில் கண்களிலே தேங்கும் நீர். நடிகர் எதையும் ‘செய்வதாக’த் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கடினமான உழைப்பு என்பதை அறிய விரும்பும் நாடக மாணவர் எவரும் இப்படைப்பைப் பயில்வாராக.

இங்கு ஒன்றைக் கூறாது விடலாகாது. ஜோ ஏவலாளன் அல்லன். அவன் பெண்களை நுகர்ந்து எறிந்தவன். எறியப்பட்டவள் இப்போது நீதிபதியாகிறாள். வாழ்நாள் முழுதும் குற்றவாளிக் கூண்டில் நின்ற மனிதர்களை நடித்த மக்கவுரன், இங்கு குற்றம் புரிந்தவனாக விசாரணைக்கு உட்படுகிறார். கருணைக்குரியவனைப்போலவே குற்றவாளியையும் மிகைப்படுத்தாது காட்டும் திறன் அவருக்கு இருந்தது.

5

ஓ’கேசியையும் பெக்கற்றையும் இரு துருவங்களாக்கிய நமது விமர்சனம் இரண்டு வரலாற்று உண்மைகளைக் காணத் தவறிற்று.

முதலாவது: 1934இல், எவரும் அறியாத இளைஞராக இருந்த பெக்கற், ஓ’கேசியின் நூலொன்றுக்கு மதிப்புரை எழுதினார். அதில் ஓ’கேசியை அமளிதுமளியான கோமாளிக் கூத்தின் பேராசிரியராக அவர் கண்டார். மிக உறுதியாகத் தோன்றும் பொருள்களிலும் சிதைவு ஒளிந்திருப்பதைக் காட்டும் ஆற்றலை அவரிடத்தே பாராட்டினார். தாம் பின்னர் எழுதப்போகும் நாடகங்களின் விதையை அவர் ஓ’கேசியிடமே இனங்கண்டார் என்று துணிந்து கூறலாம்.

இரண்டாவது: 1958ஆம் ஆண்டு டப்ளின் நாடகவிழாவில் ஓ’கேசியின் புதிய நாடகமொன்றும், ஜோய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலைத் தழுவிய நாடகமொன்றும் இடம்பெறவிருந்தன. டப்ளின் பேராயர் விழாவுக்கான பூசையை அனுமதிக்க மறுத்தார். அமைப்பாளர்கள் அஞ்சினர். ஓ’கேசியின் நாடகம் விலகிற்று. ஜோய்ஸின் ஆக்கமும் கைவிடப்பட்டது. இச்செய்தி கேட்ட பெக்கற் அவ்விழாவுக்கென ஒதுக்கியிருந்த தமது ஆக்கங்களை உடனே மீளப்பெற்றுக்கொண்டார். ‘சமுதாய உணர்வற்ற தனிமனிதவாதி’ என்று நாம் முத்திரை குத்திய எழுத்தாளர், பொதுவுடைமைவாதியான முதியவர் ஒருவருக்காகத் தமது சொந்த ஊரின் மேடையைத் துறந்தார். உலகப் போரின்போது நாசிகளின் பிடியிலிருந்த பாரிஸில் தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்திற் பணிபுரிந்தவரும் இவரே. மேடையில் முழக்கம் எழுப்பாதவன் வாழ்விற் கோழையாக இருப்பான் என்ற நமது அவசரக் கணிப்பை இவ்வுண்மைகள் திருத்துகின்றன.

ஆயினும், இவ்விருவருக்குமிடையே உள்ள வேறுபாட்டை நாம் அழித்துவிடவும் கூடாது. ஓ’கேசியின் உலகில் ஜூனோ உண்டு. எல்லாம் இடிந்தபின்னும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பிறக்கப்போகும் குழந்தைக்காக வெளியேறும் பெண் உண்டு. பெக்கற்றின் உலகில் கதவருகே குளோவ் நிற்கிறான். வெளியே எவரும் காத்திருப்பதாகத் தெரியவில்லை. வேலைநிறுத்தம், சங்கம், அண்டைவீட்டார் என்பன அங்கு இல்லை. இது குறைபாடு என்பதே நமது கருத்து. துன்பத்தைச் சரியாகக் காட்டுவது ஒன்று. துன்பத்தின் காரணத்தைக் காட்டுவது இன்னொன்று.

மக்கவுரன் இக்குறைபாட்டைத் தமது உடலால் ஓரளவு நிரப்பினார் என்றே கூறவேண்டும். 1960களின் தொடக்கத்திலிருந்து பெக்கற்றின் நாவல்களிலும் நாடகங்களிலும் இருந்து பகுதிகளைத் தொகுத்துத் தனியாள் நிகழ்ச்சியாக வளர்த்து வந்தார். 1970இல் பாரிஸிலும் நியூயோர்க்கிலும் அது அரங்கேறிற்று. நியூயோர்க்கில் அவ்வாண்டின் சிறந்த நடிப்புக்கான ஓபி விருது அதற்கு வழங்கப்பட்டது. நீண்ட கரிய மேலங்கி ஒன்றைத் தவிர அந்நிகழ்ச்சிக்கு வேறு அலங்காரம் அவசியப்படவில்லை. அதிற் புகழ்பெற்ற பகுதி, 16 கற்களை நான்கு பைகளில் வைத்துக்கொண்டு, ஒன்றையே மறுமுறை சூப்பாமல் வரிசையாகச் சூப்புவது எப்படி என்று மொலோய் கணக்கிடுவது. படிக்கும்போது அது புத்திக்கூர்மையான விளையாட்டு. மக்கவுரனின் குரலிலே அது வேறாகிறது. உணவில்லாதவன் கல்லைச் சூப்புகிறான். அதையும் நியாயமாகப் பங்கிடவேண்டும் என்று கவலைப்படுகிறான். லூக்காக்ஸ் மனிதச் சிதைவின் எல்லை என்று காட்டிய அதே நாவலிலிருந்துதான் இப்பகுதி எடுக்கப்பட்டது. தாளில் நோயாகத் தெரிந்தது நாவில் வறுமையாக ஒலித்தது.

இவ்வாறு கனிவைக் கலந்ததால் பெக்கற்றின் கடுமை குறைந்துவிடவில்லையா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயமுண்டு. தொகுப்பு நிகழ்ச்சி என்பது நாடகத்தின் கட்டுக்கோப்பை இழந்து நடிகனின் கவர்ச்சியைச் சார்ந்துவிடும் அபாயம் உடையது. ஆனால் இத்தொகுப்பை அமைப்பதிற் பெக்கற்றே உதவினார் என்பதையும், 1966இல் வெளியான மக்கவுரனின் இசைத்தட்டிற் பெக்கற் தாமே சேகண்டியை ஒலித்தார் என்பதையும் நோக்குமிடத்து, அக்கனிவு வெளியிலிருந்து பூசப்பட்டதன்று என்று நாம் முடிவு செய்யலாம்.

6

நடிகனின் பிழைப்பு இறுதிவரை நிச்சயமற்றதாகவே இருந்தது. 1970இல் பிராட்வேயில் ‘காந்தி’ என்ற நாடகத்தில் அவர் காந்தியாகத் தோன்றினார். அந்நாடகம் ஒரே இரவோடு முடிந்தது. அடுத்த மாதமே பெக்கற் நிகழ்ச்சி அவருக்குப் பெரும் புகழ் தேடிக்கொடுத்தது. ஒரு பருவத்தினுள் வீழ்ச்சியும் எழுச்சியும். இத்தகைய வாழ்வு உடலைத் தின்னாமல் விடாது.

1973ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நியூயோர்க் லிங்கன் மையத்தில் ‘கலப்பையும் நட்சத்திரங்களும்’ நடைபெற்றுக்கொண்டிருந்தது. மக்கவுரன் ஏற்றது புளுதர் என்ற தச்சனின் பாத்திரம். குடியை விட்டுவிடுவதாகச் சபதம் செய்து மறுகணமே மீறுபவன். வாய்ச்சண்டைக்காரன். ஆனால் 1916ஆம் ஆண்டு எழுச்சியின் குண்டுமாரிக்கிடையே, கணவனைத் தேடித் தெருவில் அலையும் அயல்வீட்டுப் பெண்ணை மீட்டுவர ஓடுபவனும் அவனே. காசநோயால் இறந்த ஏழைச் சிறுமியின் அடக்கத்துக்கு ஒழுங்கு செய்ய உயிரைப் பணயம் வைப்பவனும் அவனே. தலைவர்கள் சாளரத்துக்கு வெளியே வீர உரை நிகழ்த்துகின்றனர். சவப்பெட்டிக்கு வழி பார்ப்பவன் தச்சன்.

அந்நாடகம் நிகழ்ந்துகொண்டிருந்த ஜனவரி இறுதியில் மக்கவுரன் காலமானார். அவர் நடித்த பெருவணிகத் திரைப்படமொன்று அவ்வாண்டு முடிவில் வெளிவந்து உலகெங்கும் ஓடிற்று. அதில் அவர் முகத்தைக் கண்ட கோடிக்கணக்கானோருள் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் வாசகர் இவ்வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது யாது? நாடகத்தைப் பாடப்புத்தகமாகப் படிக்கும் பழக்கம் நம்மைப் பிழையான தீர்ப்புகளுக்கு இட்டுச் செல்கிறது. பிரதியில் வர்க்கம் குறிப்பிடப்படவில்லை என்பதற்காக மேடையில் அது இல்லையென்று கொள்ளலாகாது. அது நடிகனின் முதுகின் வளைவில் இருக்கலாம். ஏணியைத் தூக்கும் கையின் சோர்வில் இருக்கலாம். எழுத்தாளன் எந்த முகாமைச் சேர்ந்தவன் என்று கேட்பதோடு நில்லாமல், அவன் எழுத்துக்கு எவருடைய உடல் தேவைப்பட்டது என்றும் நாம் கேட்கப் பழகவேண்டும். அக்கேள்வியைக் கேட்டிருந்தால், குளோவை நாம் இத்தனை காலம் அந்நியனாக எண்ணியிருக்கமாட்டோம்.

மக்கவுரன் தம் முதல் பெக்கற் நாடகத்தில் ஏற்றது ஒரு சுமைகூலியை. இறுதி ஓ’கேசி நாடகத்தில் ஏற்றது ஒரு தச்சனை. இடையில் அவர் நடித்த எவனும் அவ்விருவருக்கும் தூரத்து உறவினன் அல்லன்.